யேலும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளும்

பணம் கொட்டிக் கிடக்கும் யேல் பல்கலைக்கழகமும் நிதிக்கு அல்லாடும் அரசுப் பள்ளிகளும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன, அமெரிக்காவின் நியூ ஹேவனில். 1957-இல் யேலில் படித்து முடித்தவர்கள், 50-ஆவது ஆண்டு ஒன்றுகூடலை ஒட்டி ஒரு நிதி வைத்தார்கள். கட்டடம் கட்டிப் பெயர் பொறிக்க இல்லை, உள்ளூர் அரசுப் பள்ளிகளில் இசை கற்பிக்க!

யேல் இசைப்பள்ளி மாணவர்கள் (2006 முதல் அவர்களுக்கே கல்விக் கட்டணம் கிடையாது) பள்ளிகளுக்குப் போய், அங்குள்ள இசை ஆசிரியரோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். கோடையில் மோர்ஸ் இசை முகாம். பிள்ளைகளுக்கு எல்லாம் இலவசம்.

எனக்குப் பிடித்த விஷயம், பள்ளி ஆசிரியரை ஓரங்கட்டவில்லை என்பது. யேல் மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குழந்தைகளோடு தொடர்ந்து இருக்கப்போவது அவர்தானே? அப்புறம், வயலின் என்ன ஒருநாள் பட்டறையில் வருகிற வித்தையா? வில்லை நேராக இழுக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

சரி, ஒரு மனத்தாங்கலும் உண்டு. யேலின் பெரும்பாலான சொத்துகளுக்கு வரிவிலக்கு. அந்த வரி வந்தாலே பள்ளிகளுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்று ஊரில் ஒரு சாரார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்காக இந்த வகுப்புகளை நிறுத்தச் சொல்லமாட்டேன். வரியையும் கேட்கட்டும், வயலினையும் கேட்கட்டும்.