இரண்டாவது அளவு

உடல் அளவெடுக்கும் பணியில் சேர்ந்த புதிதில், என் அளவுகள் மிகத் துல்லியமானவை என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஒவ்வொருவரையும் இருமுறை அளக்க வேண்டும் என்பது விதி. என் இரண்டு அளவுகளும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட விலகாமல் பொருந்தின. முதல் அளவை எழுதிய அதே தாளில், அடுத்த கட்டத்திலேயே இரண்டாவதையும் எழுதிவந்தேன் என்பதை அப்போது ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை. முந்தைய எண் கண்ணில் பட்டபின், நாடாவைப் பிடித்த கை தன்னை அறியாமலேயே அந்த எண்ணைத் தேடிப் போகிறது.

பின்னர் நடைமுறை மாறியது. எல்லோரையும் ஒரு சுற்று அளந்து முடித்து, தோலில் இட்ட குறிகளை அழித்துவிட்டு, வேறு தாளில் இரண்டாம் சுற்றைத் தொடங்கினோம். உயரம் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றது. மேற்கையின் பின்புறத் தோல்மடிப்போ (தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் விரல்களால் கிள்ளிப் பிடித்து அளக்கும் கனம்) இரண்டு, சில வேளைகளில் மூன்று மில்லிமீட்டர் விலகியது. மடிப்பின் மொத்தக் கனமே பதினைந்து மில்லிமீட்டர் இருக்கையில் அது பெரிய விலகல். அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

தோள்பட்டை நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறிக்கும்போது விரல் சற்று மேலோ கீழோ போனால், கனம் மாறிவிடுகிறது. மடிப்பின் கனத்தை அளக்கும் இடுக்கி போன்ற கருவியான காலிப்பர் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்ற அழுத்தத்தைத் தருவதால், பிடித்திருக்கப் பிடித்திருக்கக் கொழுப்பு அமுங்கி எண் இறங்கிக்கொண்டே வரும். அழுத்தம் முழுமையாக விழுந்து இரண்டு விநாடிகளில் படிக்க வேண்டும் என்ற வழக்கத்தின் காரணம் இதுவே. கருவியைப் படிப்பதில் நேரும் பிழையைவிட, இடத்தைக் கண்டுபிடிப்பதில் நேரும் பிழையே பெரிது என்பது என் அனுபவம்.

இந்த விலகலை எண்ணாக்கும் வழி எளியது: ஒவ்வொருவரின் இரு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை வர்க்கப்படுத்திக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் தொழில்நுட்ப அளவீட்டுப் பிழை கிடைக்கும். இதை அந்தக் குழுவின் திட்ட விலக்கத்தோடு, அதாவது ஆளுக்கு ஆள் அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதோடு, ஒப்பிட்டு நம்பகக் கெழுவைக் கணக்கிடுவார்கள்; கெழு 0.95 என்றால், காணப்படும் மாறுபாட்டில் 5 சதவீதம் அளவெடுப்பின் பிழை. கெழுவை மட்டும் பார்த்து மகிழ்வது தவறு. குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒரே குழுவில் சேர்த்தால் திட்ட விலக்கம் பெருகும். கை அப்படியே இருக்க, கெழு மட்டும் உயர்ந்துவிடும்.

இந்தக் கணக்குக்கு அகப்படாத பிழையே என்னை அதிகம் கலங்கவைத்தது. எங்கள் குழு இடுப்புச் சுற்றளவை, உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் எடுத்தது. இன்னொரு குழு அந்த மேல்விளிம்பிலேயே எடுத்தது. அந்தந்தக் குழுவுக்குள் ஒற்றுமை மிக நன்றாக இருந்தது. இரண்டின் தரவுகளையும் சேர்த்தபோதுதான், ஒன்று மற்றொன்றைவிட ஒரே திசையில் தொடர்ந்து விலகியிருப்பது தெரிந்தது. ஒரே ஆசிரியரிடம் ஒரே தவறைக் கற்ற இருவரும் அப்படித்தான் அழகாக ஒத்துப்போவார்கள்.

நேரமும் இத்தகையதே. முதுகெலும்பு வட்டுகள் பகலில் அமுங்குவதால், மாலையில் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையக்கூடும். முதல் முறை காலையிலும், ஆறு மாதம் கழித்து மாலையிலும் அளந்தால், ஒரு குழந்தையின் வளர்ச்சியில் ஒரு பகுதி காணாமல் போய்விடும். படுக்கவைத்து எடுத்த நீளத்தையும் நிற்கவைத்து எடுத்த உயரத்தையும் கலப்பதும் அப்படியே. இரண்டுக்கும் சுமார் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு.

இப்போது புதிதாக வருபவர்களின் தாள்களை வாங்கியதும், நான் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தை. 0, 5 ஆகிய இரண்டும் மற்ற இலக்கங்களைவிடத் திரும்பத் திரும்ப வந்தால், அவர்களை மறுபடியும் அளவுப்பலகையின் அருகே அழைத்துச் சென்று, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து மில்லிமீட்டர் வரை உரக்கப் படிக்கச் சொல்கிறேன். இன்னொருவர் அதை எழுதுகிறார். இரண்டாம் சுற்று முடியும்வரை முதல் சுற்றின் தாள்கள் என்னிடமே இருக்கும்.