அலியின் பாறைகள், ஹோம்ஸின் சிலை: ஒரு பென்சில்வேனியா சுற்று

டாக்ஸிக்காரர் மீதான கடுப்பு இன்னும் தீரவில்லை, அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். குத்துச்சண்டை சாம்பியன் முகமது அலி பயிற்சி எடுத்த டீர் லேக் முகாம், பிலடெல்பியாவுக்கு வடமேற்கே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. ரெடிங் வரை பேருந்தில் போய்விட்டேன். அதற்கப்புறம் சொந்த வண்டி இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான். 70 டாலர் என்று பேசித்தான் ஏறினேன். இறங்கும்போது, திரும்பிப் போக சவாரி கிடைக்காது என்று சொல்லி 110 கேட்டார். அரை மணி நேரப் பயணத்துக்கு 110! சண்டை போட்டு 95-க்கு இறக்கினேன். மதியச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போச்சு.

இத்தனைக்கும் வழியெல்லாம் அலி புராணம் பாடிக்கொண்டு வந்த மனிதர். அலியின் கடைசிச் சண்டை யாரோடு என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். கொஞ்சமும் யோசிக்காமல் "ஃபோர்மன்" என்றார். ஜார்ஜ் ஃபோர்மனை அலி சாய்த்த அந்தச் சண்டை 1974-இல், ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில். அதற்கப்புறமும் அலி 7 வருஷம் ரிங்கில் ஏறினார். லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்று, அதே 1978-இல் உலக ஹெவிவெயிட் பட்டத்தை மீட்டார். 1980-இல் லாரி ஹோம்ஸ் அடித்த அடியில் உட்கார்ந்தார். 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றதுதான் கடைசி. டிரைவரின் நினைவில் இது எதுவுமே இல்லை.

முகாமுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது! எரிந்துகொண்டிருந்த வயிறு அங்கேதான் குளிர்ந்தது. 2016-இல் இந்த இடத்தை வாங்கிய மைக் மேடன், பழுதுபார்த்து 2019-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வார இறுதிகளில்தான் திறப்பார்கள், பார்த்துப் போங்கள். மரக்கட்டை வீடுகள், ஜிம், சமையலறை எல்லாம் இருந்தாலும் என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டவை பாறைகள்தான். ஆள் உயரத்துக்குப் பெரிய பெரிய பாறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பழைய சாம்பியனின் பெயர். எழுதியவர் அலியின் அப்பா. அவர் தொழிலே போர்டு எழுதுவது. எழுத்தைப் பார்த்தாலே தொழில்காரர் கை என்று தெரிகிறது.

ஜோ லூயிஸ் பெயர் எழுதிய பாறை முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்தவர் அவர், 25 முறை காத்தவர். ஓய்வு பெற்றவரை வரிக்கடன் மறுபடி ரிங்குக்குள் தள்ளியது. 1951-இல் ராக்கி மார்சியானோ எட்டாவது ரவுண்டில் அவரைக் கயிற்றுக்கு வெளியே விழ வைத்தார். அதனால் லூயிஸின் பெயர் எங்கே குறைந்தது? அவரை வணங்கி வளர்ந்த மார்சியானோதான் உடை மாற்றும் அறைக்குப் போய் அழுதார்.

இந்த முகாமில் அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னராக, அதாவது பயிற்சிச் சண்டையில் எதிரே நிற்பவராக, சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர் ஹோம்ஸ். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸில் எதிரே நின்றவரும் அவரே. அலிக்கு 38 வயது, ரிங்கை விட்டு 2 வருஷம் ஆகியிருந்தது. தைராய்டு மாத்திரை விழுங்கி உடம்பை இளைக்க வைத்திருந்தார். பார்க்கக் கட்டுடல், உள்ளே சக்தி இல்லை. மூன்று நடுவர்களும் 10 ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். அதற்கு மேல் போக வேண்டாம் என்று பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்திவிட்டார். அன்றும் ஜெயித்தவர்தான் அழுதார். 1984-இல் அலிக்கு பார்கின்சன் நோய்க்குறிகள் உறுதியாயின. கடைசிக் காலச் சண்டைகளின் அடி உடம்பின் கணக்கில்தான் ஏறியது, பேரின் கணக்கில் ஏறவே இல்லை என்பது என் கட்சி.

பேரில் அடி வாங்கியவர் ஹோம்ஸ். அதைப் பார்க்கத்தான் அவருடைய ஊரான ஈஸ்டன் போனேன். முகாமுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் ஆலன்டவுன் வரை காரில் ஏற்றிக்கொண்டது. டாக்ஸிக்காரர் பறித்ததை அவர்கள் ஈடுகட்டிவிட்டார்கள். அங்கிருந்து டவுன் பஸ், சில டாலர்தான்.

ஈஸ்டனில் டெலவேர் ஆற்றோரச் சாலைக்கே லாரி ஹோம்ஸ் பெயர். 2015-இல் வைத்த வெண்கலச் சிலையும் அங்கேயே நிற்கிறது. நான் இருந்தவரை அதைப் படம் எடுத்தது நான் ஒருவன்தான். 7 வருஷ சாம்பியன், ஜாப் என்கிற நேர்குத்து விடுவதில் அவருக்கு நிகர் அபூர்வம். ஆனால் ஓய்ந்துபோன அலியை அடித்தவர் என்று ஒரு பாதிப் பேர் சொன்னால், மார்சியானோவின் 49-0 கணக்கை (49 சண்டை, தோல்வியே இல்லை) எட்ட ஒன்று பாக்கி இருக்கையில், 48 வெற்றிக்கு அப்புறம் தோற்றவர் என்று மீதிப் பேர் சொல்கிறார்கள். அவரை 1985-இல் தோற்கடித்தவர், லியோனின் தம்பி மைக்கேல் ஸ்பிங்ஸ். தோற்ற எரிச்சலில் மார்சியானோவை மட்டம் தட்டிப் பேசி ரசிகர்களையும் விரோதித்துக்கொண்டார் ஹோம்ஸ். 1988-இல் மைக் டைசன் அவரை நாலாவது ரவுண்டில் சாய்த்தார். அதே ஹோம்ஸ் 42 வயதில், அதுவரை தோற்காத ஒலிம்பிக் தங்கம் ரே மெர்சரை ஜெயித்துக் காட்டினாரே, அதை யார் பேசுகிறார்கள்? அலி சாய்த்த ஃபோர்மன், சோனி லிஸ்டன் மாதிரி எல்லாரும் பயந்த ஒருவரைச் சாய்த்த ராத்திரி ஒன்று இருந்தால் பின்னால் வரும் தோல்விகளை ரசிகர்கள் மன்னித்துவிடுகிறார்கள். ஹோம்ஸுக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்க்கவில்லை. வாய்த்த பெரிய பெயர் அலி, அதுவும் காலம் கடந்து.

பிலடெல்பியா கதை இன்னும் மோசம். கலை மியூசியம் படிக்கட்டருகே, 'ராக்கி' என்ற சினிமா குத்துச்சண்டைக்காரன் சிலையோடு படம் எடுக்க நீள வரிசை. அந்த ஊரிலேயே வாழ்ந்து, 1971-இல் அலியை முதன்முதலாகத் தோற்கடித்த ஜோ ஃப்ரேசியருக்கு, இறந்து 4 வருஷம் கழித்துத்தான் சிலை. அதுவும் 2015-இல் வைத்தது ஊரின் தென்கோடியில், ஸ்டேடியங்கள் பக்கம்.

நேரம் குறைவு என்றால் அந்த வரிசையை விட்டுவிட்டு ஈஸ்டன் போங்கள். அங்கிருந்து நியூயார்க்குக்கு நேர் பேருந்து உண்டு, டாக்ஸி தேவையே இல்லை.