எட்டரை அடிக்குள் மடங்கும் பாய்மரப் படகு

கயிறு இழுத்த எரிச்சல் கையைவிட்டுப் போவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். படகை எங்கே இறக்கினோம், என்ன செலவு என்று வரிசையாகச் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த மடிப்பைப் பற்றிச் சொல்லாமல் வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

நண்பருடையது எஃப்-27 ட்ரைமரான். நடுவில் ஒரு படகு, இருபுறமும் இரண்டு மிதவைகள். நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபேரியர் வடிவமைத்தது. விரித்தால் அகலம் 19 அடி, மடித்தால் 8 அடி 5 அங்குலம். அமெரிக்காவில் தனி அனுமதி வாங்காமல் சாலையில் இழுத்துச் செல்ல எட்டரை அடி வரைதான் பொதுவாக விடுவார்கள். மிச்சம் ஒரே அங்குலம்! இந்தப் படகின் ஒவ்வொரு மூலையையும் அந்த எல்லைதான் தீர்மானித்திருக்கிறது.

ட்ரெய்லரிலிருந்து நீரில் இறங்கியதும், மிதவையை நடுப்படகோடு இணைக்கும் குறுக்குச் சட்டத்தை ஒரு பக்கத்தில் நண்பர் தள்ளினார். நடுப்படகை ஒட்டிப் பக்கவாட்டில் கிடந்த மிதவை அப்படியே புரண்டு வெளியே விரிந்தது. பக்கத்துக்கு இரண்டு சட்டங்கள், சட்டத்துக்கு ஒரு போல்ட், மொத்தம் நான்கு. முடுக்கினால் வேலை தீர்ந்தது. மோட்டார் இல்லை, ஹைட்ராலிக்ஸ் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

உள்ளே இடம் குறைவு, ஒளிக்க ஒன்றுமில்லை. நடுப்படகு ஒல்லியாக இருந்தால்தான் வேகம் வரும். அறையின் மேல்மூடியைத் தூக்கினால்தான் நிமிர்ந்து நிற்க முடியும். பாரம் ஏற்றினால் வேகம் செத்துவிடும் என்று என் பையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். சொன்னது சரிதான். காற்று ஏறியதும் படகு சாயாமல் சீறிக்கொண்டு ஓடியது. கவிழாமல் இருக்க அடியில் கனமான எடை கட்டாத படகு என்பதால், பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் கீழ்ப்பலகையை உயர்த்திவிட்டால் 14 அங்குல ஆழமே போதும். மற்றவர்கள் நங்கூரம் போடத் தயங்கும் இடத்தில் மணலுக்கு அருகிலேயே இரவைக் கழித்தோம், செலவில்லாமல்.

அடுத்த இரவுதான் வயிறு எரிந்தது. ஒரு படகுத்துறையில் கண்ணெதிரே மடித்துக் காட்டிய பிறகும் விரிந்த அகலத்துக்கே கட்டணம் கேட்டார்கள். இரண்டு படகுக்கான பணம்! நியாயமே இல்லை. வாதாடித்தான் குறைக்க முடிந்தது.

ஆனால் மடித்தபடியே நாள்கணக்கில் நீரில் விடக்கூடாது. மிதவையின் வெளிப்பக்கம் அமிழ்ந்து கிடப்பதால் பாசி பிடித்துவிடும். ட்ரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்துவதுதான் இந்தப் படகுக்கு ஏற்றது. மாத வாடகையும் மிச்சம்.