பல்லவி மூவருக்கு, சரணம் ஒருவருக்கு

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1996-இல் உருவான ஜீப்ராஹெட் என்ற ராக் இசைக்குழுவை நான் கேட்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே வட்டாரத்தைச் சேர்ந்த ஆஃப்ஸ்பிரிங் குழு 1994-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு விற்பனையில் கொடிகட்டிப் பறந்த பின், அங்கே பங்க் எனப்படும் வேகமான, முரட்டுத்தனமான ராக் இசையை வாசிக்கும் குழுக்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. வெவ்வேறு உள்ளூர்க் குழுக்களில் வாசித்துவந்த நால்வர் ஒன்றுகூடியதோடு நின்றிருந்தால் இவர்களும் கூட்டத்தில் ஒருவராகவே கரைந்திருப்பார்கள். அலி தபதபாயி என்ற சொல்லிசை (ராப்) பாடகரைச் சேர்த்துக்கொண்டதுதான் இவர்களைத் தனித்துக் காட்டியது.

ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தக் கட்டமைப்பு தெளிவாகப் புலப்படும். பல பாடல்களில் சரணம் அலியுடையது. கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி ஒலியை அடக்கி வாசிக்க, அந்த இடைவெளியில் அவருடைய சொற்கள் டிரம்ஸின் அடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓடுகின்றன. பல்லவி வந்ததும் கம்பிகள் விடுபட்டு முழுவீச்சில் முழங்க, அந்த நால்வரில் ஒருவரான ஜஸ்டின் மாரியெல்லோவின் உயர்ந்த குரல் மெட்டை எடுத்துச் செல்கிறது. அக்காலத்தில் ராப்பையும் ராக்கையும் கலந்தவர்களில் பலர் கோபத்தையே முதலீடாக்கினார்கள். இவர்களோ கிண்டலை நம்பினார்கள். அந்தக் கிண்டலில் சில இன்று கேட்கக் கூச்சமாக இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொலம்பியா இசை நிறுவனத்தின் மூலம் 1998-இலும் 2000-இலும் இசைத்தொகுப்புகள் வந்தன. ஆனால் இவர்களைத் தூக்கிப்பிடித்தவர்கள் ஜப்பானிய ரசிகர்கள். 2003-இல் வந்த தொகுப்பு அமெரிக்காவுக்கு முன்பே அங்கே வெளியானது. சேகா நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு சோனிக் வீடியோ விளையாட்டின் முகப்புப் பாடலுக்கும் இவர்கள் ஒரு வடிவம் தந்தார்கள்.

2004-இல் மாரியெல்லோ விலகியபோது, மெட்டுப் பாடும் குரலே போய்விட்ட குழு என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்திருக்கும். மேட்டி லூயிஸ் வந்தார். அவரோடு 2006-இல் வெளியான தொகுப்பையே நான் இவர்களின் சிறந்த படைப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் இரு குரல்களும் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று வரியைப் பறித்துக்கொள்ளும் வேகம் அதில்தான் கைகூடியது. 2021-இல் அவரும் விலக, ஏட்ரியன் எஸ்ட்ரெல்லா அந்த இடத்துக்கு வந்தார். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் சரணத்தை அலியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.