முதல் மூவரும் அவர்கள் செய்த வேலையும்

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் அய்யலசோமயாஜுலா லலிதா. அவர் பெயர் அங்கே படித்த யாருக்கும் புதிதல்ல. 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் திருமணம், 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அதன் பிறகு ராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்து, முதல் வகுப்பில் தேறி, நம் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்தார். நம் முன்னாள் மாணவர் மலர்தோறும் இதை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் பட்டம் வாங்கிய இடத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 1977 வரை அவர் வேலை பார்த்திருக்கிறார். மின்கடத்தல் பாதைகளை வடிவமைத்தார், துணைமின் நிலையங்களுக்கு அமைப்புப் படம் போட்டார், பாதுகாப்புக் கருவிகளில் உழைத்தார். அதே துறையில் காலம் கழித்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பிற்பாதிதான் பெரிதாகப் படுகிறது. அந்த வேலை எத்தகையது என்பதை இந்த மலரில் கொஞ்சம் விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில் கதவு திறந்த விதம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-இல் கிண்டிக்கு வந்த நிறுவனம் நம்முடையது. அதில் பெண்ணைச் சேர்த்த முன்னுதாரணம் இல்லை. லலிதாவின் தந்தை பப்பு சுப்பா ராவ் அங்கேயே மின் பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமின் ஒப்புதலும் கிடைத்தது. தந்தை பேராசிரியராக இருந்ததால் கிடைத்த வாய்ப்பு என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பம் அத்தோடு நின்றுவிடவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே ஒரே ஒரு பெண் தனித்துவிடக் கூடாது என்று, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என அறிவிக்கச் செய்தார்கள். அதைப் பார்த்து பி. கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். இருவரும் லலிதாவுக்கு ஒரு வகுப்பு கீழே. போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியே வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. ஒருவரை மட்டும் சேர்த்திருந்தால் அது ஒரு விதிவிலக்காகவே போயிருக்கும். மூவர் ஆனதும் விடுதி, பட்டறை, தேர்வு எல்லாவற்றிலும் கல்லூரி நிரந்தர ஏற்பாட்டை யோசிக்க வேண்டியதாயிற்று. லலிதா விடுதியில் தங்கினார். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய்ப் பார்த்து வருவார்.

படிப்பு முடிந்ததும் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டுப் பயிற்சி. 1862-இல் தொடங்கிய பட்டறை அது; 1899-இல் அங்கே நீராவி எஞ்சினே கட்டினார்கள். பிறகு சிம்லாவில் மத்திய தரநிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் பணி. இடையில் லண்டன் கட்டமைப்புப் பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதினார். சில காலம் தந்தையின் ஆராய்ச்சிக்குத் துணையாக இருந்தார். புகையில்லா அடுப்பு அந்த ஆராய்ச்சிகளில் ஒன்று. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய உண்மையான தொழில் வாழ்க்கை.

மின்கடத்தல் பாதை வடிவமைப்பு என்றால், இரண்டு டவர்களுக்கு நடுவே கம்பி எவ்வளவு தொங்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் காலத்தில் அடி, பவுண்டு, ஸ்லைடு ரூல் என்ற கணக்கிடும் அளவுகோல். நமக்குப் பழகிய அளவில் சொல்கிறேன். 110 கே.வி. (கிலோவோல்ட்) பாதைகளில் போடும் ‘பாந்தர்’ கம்பியில் 3 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய இழைகள் 30, நடுவே எஃகு இழைகள் 7. மீட்டருக்கு 0.974 கிலோ எடை. டவர்களுக்கு இடையே 300 மீட்டர், இழுவிசை 2,000 கிலோ என்று வையுங்கள். எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுத்தால் தொய்வு 5.48 மீட்டர். அதே இழுவிசையில் இடைவெளியை 350 மீட்டர் ஆக்கினால் 7.46 மீட்டர். ஐம்பது மீட்டர் கூட்டியதற்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. இந்த மின்னழுத்தத்தில் கம்பிக்கும் தரைக்கும் குறைந்தது 6.1 மீட்டர் இருந்தாக வேண்டும். கோடையில் கம்பி நீளும், இழுவிசை குறையும், தொய்வு இன்னும் கூடும். ஆகவே உச்ச வெப்பத்தில், காற்றே இல்லாத நிலையில் இருக்கும் தொய்வைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனியே கணக்குப் போட முடியாது. அதற்காகத்தான் டெம்ப்ளேட். கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தகட்டில் நான்கு வளைகோடுகள் வெட்டுவார்கள்: கடுங்குளிரில் கம்பி நிற்கும் கோடு, கடும் வெயிலில் நிற்கும் கோடு, அதற்கு 6.1 மீட்டர் கீழே தரை இடைவெளிக் கோடு, அதற்கும் கீழே டவர் அடிக்கான கோடு. சர்வே செய்து வரைந்த நிலத்தோற்றப் படத்தில், கிடையாக 1 செ.மீ.க்கு 20 மீட்டர், செங்குத்தாக 1 செ.மீ.க்கு 2 மீட்டர் என்ற அளவில், இந்தத் தகட்டை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தரை இடைவெளிக் கோடு நிலத்தைத் தொடாமல், அடிக்கோடு நிலத்தை வெட்டும் இடத்தில் அடுத்த டவர். நாள் முழுக்க குனிந்து செய்யும் வேலை.

தப்பு எங்கே வரும்? மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பள்ளத்தில் ஒரு டவர் வைத்தால், வெயில் கோட்டில் எல்லாம் சரியாகவே தெரியும். குளிர்க் கோட்டை வைத்துப் பார்க்க மறந்தால் ஆபத்து. மார்கழி இரவில் கம்பி சுருங்கி இறுகும்போது பள்ளத்து டவரில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் சரத்தை மேலே இழுத்துத் தூக்கிவிடும். கீழே தொங்கவேண்டிய சரம் மேல்நோக்கிப் போனால் கம்பி டவரின் குறுக்குக் கையை நெருங்கும், பாதை ட்ரிப் ஆகும், அதாவது தானாக மின்சாரம் துண்டிக்கப்படும். டவரை இடம் மாற்ற வேண்டும், உயரம் கூட்ட வேண்டும், அல்லது அதை, கம்பியை இழுத்துக் கட்டி நிறுத்தும் இழுவை டவராக மாற்ற வேண்டும். இன்னொன்று, மலைச்சரிவில் பாதையின் நடுக்கோட்டை மட்டும் சர்வே செய்துவிட்டு வருவது. சரிவின் மேல்பக்கத்துக் கம்பிக்குக் கீழே நிலம் சில மீட்டர் உயர்ந்திருக்கும், படத்தில் அது இருக்காது. வரைபடத்தில் பாஸாகி, களத்தில் மண்ணை வெட்டி அகற்றிய பாதைகள் நம் நாட்டில் ஏராளம்.

அடுத்தது பாதுகாப்புக் கருவிகள். இங்கேதான் ஆள் தேர்ந்தவரா இல்லையா என்பது தெரியும். மின் நிலையத்தில் உள்ள ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம்: 11 கே.வி. பக்கம் டெல்டா, 132 கே.வி. பக்கம் ஸ்டார். மூன்று சுருள்களை முக்கோணமாக இணைப்பது டெல்டா, ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து இணைப்பது ஸ்டார். உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் ஒப்பிட்டு, வேறுபாடு வந்தால் ட்ரிப் கொடுக்கும் காவல் கருவிதான் டிஃபரன்ஷியல் ரிலே. ஆனால் டெல்டா–ஸ்டார் இணைப்பில் இரு பக்க மின்னோட்டத்துக்கும் 30 டிகிரி கோண வித்தியாசம் இயல்பாகவே உண்டு. அதைச் சரிக்கட்ட, அந்தக் கால ரிலேக்களில் 11 கே.வி. பக்கத்து சி.டி.க்களை (பெரிய மின்னோட்டத்தை ரிலேக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்களை) ஸ்டாராகவும், 132 கே.வி. பக்கத்தவற்றை டெல்டாவாகவும் கோக்க வேண்டும். டெல்டாவாகக் கோத்தால் ரிலேக்குப் போகும் மின்னோட்டம் 1.732 மடங்காகும், அதனால் அந்த சி.டி.யின் இரண்டாம் பக்கத்தை 5 ஆம்பியருக்குப் பதில் 2.89 ஆம்பியருக்கு ஆர்டர் செய்ய வேண்டும். ஆர்டர் போடும்போதே இதைக் கவனிக்காவிட்டால் பல மாதம் கழித்து, களத்தில், லோடு ஏறும்போதெல்லாம் டிரான்ஸ்பார்மர் காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். வெளியே எங்கோ ஒரு எர்த் ஃபால்ட் (மின்சாரம் தரைக்குப் பாயும் பழுது) வந்தாலும் ட்ரிப் ஆகும். டிரான்ஸ்பார்மரில் கோளாறு என்று எண்ணி எண்ணெயை எடுத்துச் சோதிப்பார்கள். கோளாறு நான்கைந்து ஒயர்களில் இருக்கும்.

சி.டி.யின் இரண்டாம் பக்கத்தை, லோடு ஓடும்போது திறந்துவிடவே கூடாது. முதல் பக்க மின்னோட்டம் முழுவதும் இரும்பு மையத்தைக் காந்தமாக்கப் போய், திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். ரிலேயைக் கழற்றும் முன், சி.டி.யின் இரு முனைகளையும் இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க் போட்டாயிற்றா என்று பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம். வடிவமைப்பாளர் அந்த லிங்க்குக்கு டெர்மினல் பலகையில் இடம் விட்டிருந்தால்தான் களத்தில் இருப்பவர் அதைப் போட முடியும். பிரேக்கரை (மின்சுற்றைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சை) திறக்க மின்சாரம் தரும் பேட்டரியும் அப்படியே. 110 வோல்ட் டி.சி.க்கு 2 வோல்ட் ஈய-அமில செல்கள் 55. ரிலே சரியாக வேலை செய்து, பேட்டரி செத்துக் கிடந்தால் பிரேக்கர் திறக்காது. பழுது எரிந்துகொண்டே இருக்கும்.

லலிதா பக்ரா நங்கல் திட்டத்தின் மின்னாக்கிப் பணிகளிலும் ஈடுபட்டார். 226 மீட்டர் உயரமுள்ள அணை. இடக்கரை மின் நிலையத்தில் தொடக்கத்தில் தலா 90 மெகாவாட் திறனுடன் ஐந்து எந்திரங்கள். பிற்காலத்தில் நிறுவனத்தில் ஒப்பந்தப் பொறியியல் பக்கம் போனார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடிதப் போக்குவரத்து மாதிரி தெரியும். ஒரு பகுதி இங்கிலாந்தில் செய்யப்படும், ஒரு பகுதி இந்தியாவில். இரண்டும் களத்தில் பொருந்த வேண்டும். எந்திரம் கப்பலேறுவதற்குப் பல மாதம் முன்பே அடித்தள போல்ட் வரைபடம் களத்துக்குப் போய்ச் சேர வேண்டும், காங்கிரீட் அதற்குக் காத்திருக்கும். வரைபடத்தின் திருத்த எண் மாறி, பழைய படியே களத்தில் இருந்துவிட்டால், கல்லாகிப் போன காங்கிரீட்டை உடைப்பதைத் தவிர வழியில்லை. எந்தத் திருத்தம் யாரிடம் போயிற்று என்ற பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பவரை நம்பித்தான் முழுத் திட்டமும் நடக்கிறது.

லண்டன் மின் பொறியாளர் கழகம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானியரின் முதல் பன்னாட்டு மாநாட்டுக்குத் தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார். 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1979-இல் 60 வயதில் காலமானார்.

திரேசியாவின் பாதை வேறு. திருச்சூர் மாவட்டம் எடத்திருத்தியில் 1924-இல் பிறந்தவர், கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் செக்ஷன் ஆபீசராகச் சேர்ந்தார். முளங்குன்னத்துகாவு காசநோய் மருத்துவமனைக் கட்டுமானம், 1956-இல் எர்ணாகுளத்தில் செயற்பொறியாளர், 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். சாலையில் ரப்பர் கலந்த தாரைப் போட்டுப் பார்த்தவர்களில் முன்னோடி. கேரள மழையில் தாருக்கும் ஜல்லிக்கும் நடுவே தண்ணீர் புகுந்து உரிந்துவிடும். ரப்பர் கலந்தால் தார் வெயிலில் இளகுவது குறையும், மீள்தன்மை கூடும். டன் தாருக்கு 20 முதல் 40 கிலோ ரப்பர் போதும். ஆனால் பாலாகச் சேர்த்தால் அதில் உள்ள தண்ணீர் 150 டிகிரி தாரில் பட்டதும் நுரைத்துப் பொங்கும். கொப்பரையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். சூடு மிஞ்சினால் ரப்பர் சிதைந்து, செலவு செய்ததற்குப் பலன் இல்லாமல் போகும்.

வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவர்களின் பெயர் கல்வெட்டில் ஏறுவதில்லை. வரைபடத்தின் வலது கீழ் மூலைக் கட்டத்தில், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்ற மூன்று வரிகளில் சுருக்கெழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். 1960, 70, 80-களில் கிண்டியில் படித்துவிட்டு மின்வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் தனியார் நிறுவனங்களிலும் அந்த மூன்று வரிகளில் கையெழுத்திட்ட பெண்கள் பலர் இன்று நம்மிடையே, பல நாடுகளில், ஓய்வில் இருக்கிறார்கள். அடுத்த மலருக்கு அவர்களிடம் கட்டுரை கேட்கும்போது ‘முதல் பெண்ணாக இருந்த அனுபவம்’ வேண்டாம். எந்தப் பாதை, எத்தனை கே.வி., எத்தனை கிலோமீட்டர், எந்த ஆண்டு மின்னேற்றம் ஆனது, எது முதல் தடவை சரிவரவில்லை, எப்படித் திருத்தினார்கள் என்று கேட்போம். எழுத முடியாதவர்களைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லி ஒருவர் எழுதிக்கொள்ளலாம். பழைய வரைபட நகல் யாரிடமாவது இருந்தால், மூலைக் கட்டம் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து, அதில் உள்ள சுருக்கெழுத்து யாருடையது என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.