சம்பளப் பட்டியலில் படிப்புக்குக் கட்டம் இல்லை

நான் 17 வருடம் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடும் வேலை பார்த்தவன். அந்த வேலையில் பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு, யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது முதலாளிக்கு அடுத்தபடி நமக்குத்தான் தெரியும். அவஸ்தையும் அதுவேதான். மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் தன் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், இன்னொருத்தர் குறைத்துச் சொல்வார், இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு எழுந்து வரவேண்டும்.

காலேஜ் படித்தால் நல்ல வருமானம் வருமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் வரும். பெயர், பணியாளர் எண், கிரேடு, அடிப்படைச் சம்பளம், படிகள், ஓவர்டைம், பிடித்தம், கைக்கு வருவது. படிப்புக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. அது கிரேடுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று புரியவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. வேலைக்குச் சேர்கிற அன்று சான்றிதழைப் பார்த்து ஒரு கிரேடு எண் போடுவார்கள், அப்புறம் அந்தச் சான்றிதழை யாரும் திறந்து பார்ப்பதில்லை, ஆனால் சம்பளம் எங்கே தொடங்கும், எங்கே போய் நிற்கும், ஓவர்டைம் உண்டா இல்லையா எல்லாம் அந்த எண்ணில் அன்றைக்கே முடிவாகிவிடும்.

ஒரு சம்பவம். வருடாந்திரப் பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தியிருந்த மாதம். பள்ளிப் படிப்போடு வந்து மெக்கானிக்காக இருந்தவர் ராப்பகலாக நின்று வேலை பார்த்தார், ஓவர்டைம் இரட்டைச் சம்பளம். அவருடைய சம்பளச் சீட்டு பிரிண்டரில் கிடந்ததை, சேர்ந்து ஒன்றரை வருடமே ஆன இளம் இன்ஜினியர் ஒருவர் பார்த்துவிட்டார். நேராக என் மேசைக்கு வந்தார். "அண்ணா, நானும் அதே ராத்திரி அங்கேதான் நின்னேன். நாலு வருஷம் படிச்சதுக்கு இதுதானா?" என்றார். அதிகாரி கிரேடுக்கு ஓவர்டைம் கிடையாது தம்பி என்று விதியைச் சொன்னேன். அவர் கேட்டது விதியை அல்ல என்பது எனக்கும் தெரியும்.

அன்று மாலை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளி முடித்து வேலைக்கு வருகிறவருக்கு 100 என்றும், நாலு வருடம் படித்து வருகிறவருக்குத் தொடக்கத்தில் 130 என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வருடத்துக்கு 5 சதவீத உயர்வு. இன்ஜினியர் உள்ளே நுழையும்போது மெக்கானிக் 121க்கு மேல் வந்துவிட்டிருப்பார். அதாவது 30 என்று நாம் நினைக்கிற வித்தியாசம் உண்மையில் எட்டு சொச்சம்தான். அதற்குள் மெக்கானிக் நாலு வருடச் சம்பளமாக 431 வாங்கியிருப்பார், இவரோ கட்டணம் கட்டியிருப்பார். எட்டு சொச்சத்தில் தொடங்கி வருடா வருடம் கொஞ்சம் பெருகும் அந்த வித்தியாசம் அந்த 431ஐ ஈடுகட்ட ஏறத்தாழ 26 வருடம் பிடிக்கும். கட்டணமும் கடன் வட்டியும் இதில் சேரவில்லை. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பவும் போட்டேன். அதே விடைதான்.

அப்படியானால் படித்தவர்களெல்லாம் ஏமாந்தவர்களா? அப்படிச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது, பாதியில் படிப்பை விட்டுவிட்டுக் கோடீஸ்வரரான நாலு பேரின் பெயரை ஒப்பிப்பார்கள். பாதியில் விட்டு என்ன ஆனார்கள் என்றே தெரியாத மற்ற லட்சம் பேரின் பெயர் அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. என் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது, அது பட்டியலை வருடக்கணக்கில் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. 5 சதவீதம் இருவருக்கும் கடைசிவரை வரும் என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அது நடக்கவே இல்லை. அந்த மெக்கானிக்கின் கிரேடுக்கு ஒரு மேல் வரம்பு இருந்தது. பன்னிரண்டாவது வருடமோ என்னவோ அதில் போய் முட்டினார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஏறும் படி மட்டும்தான். இன்ஜினியருடைய எண் அதற்குள் இரண்டு முறை மாறிவிட்டது, அவருக்கு மேலே இன்னும் நாலு எண் காலியாக இருந்தது. மெக்கானிக்குக்குப் பழக்கிவிடத் தெரிந்த வேலையில் பாதிகூட அவருக்கு மேலே மேற்பார்வையாளர் நாற்காலிக்கு வந்த பட்டதாரிகளுக்குத் தெரியாது, அவரேதான் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுப்பார். கற்றுக்கொடுத்துவிட்டு அவர்களுக்கு "சார்" போடுவார்.

ஆக நான் பார்த்தவரை பட்டம் தருகிற பெரிய பணம் முதல் மாதச் சம்பளத்தில் இல்லை. தலைக்கு மேலே கூரை எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. புள்ளிவிவரங்களில் தெரிகிற பெரிய இடைவெளிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி, 25 வயதைத் தாண்டிய முழுநேரத் தொழிலாளர்களில் இளநிலைப் பட்டதாரியின் வாரச் சம்பளம், உயர்நிலைப் பள்ளியோடு நின்றவருடையதைப்போல சுமார் 1.66 மடங்கு. இது வரிசையில் நடுவில் நிற்பவரின் தொகை. இருபத்தைந்து வயதுக்காரரும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் கலந்து நிற்கிற வரிசை அது. புதிதாகப் பட்டம் வாங்கியவர் அதைப் பார்த்துவிட்டு முதல் சம்பளத்தில் எதிர்பார்த்தால் என் பிரிண்டர் தம்பியைப் போலத்தான் வாடிப்போவார்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் ஸ்டோர்ஸில் ஒருவர் இருந்தார். பொறியியலில் எட்டு செமஸ்டரும் உட்கார்ந்து படித்தவர், கடைசியில் இரண்டு பேப்பர் அரியர், வீட்டில் ஏதோ நெருக்கடி, எழுதாமலே விட்டுவிட்டார். பட்டியலில் அவருடைய எண்ணும் காலேஜ் பக்கமே போகாதவருடைய எண்ணும் ஒன்று. அந்த இரண்டு பேப்பரில் என்னதான் இருந்திருக்கும்? பொருளாதாரத்தில் இதற்கு இரண்டு பதில் உண்டு. கேரி பெக்கர் வழிவந்தவர்கள் படிப்பு ஆளின் திறமையைக் கூட்டுகிறது, அதற்குத்தான் கூலி என்பார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறு மாதிரி சொன்னார், வேலை கொடுப்பவருக்கு வந்தவர் திறமையானவரா என்று வெளியிலிருந்து தெரியாது, கஷ்டப்பட்டு முடித்த பட்டம் ஒரு அடையாளம், அந்த அடையாளத்துக்குத்தான் விலை. இருவருக்குமே நோபல் கொடுத்தார்கள், பெக்கருக்கு 1992இல், ஸ்பென்ஸுக்கு 2001இல் இன்னும் இருவரோடு சேர்த்து. இரண்டும் கலந்ததுதான் உண்மை என்று பெரியவர்கள் சொல்வார்கள், சரி. ஆனால் ஸ்டோர்ஸில் இருந்த அந்த மனிதரை நினைத்தால் நான் ஸ்பென்ஸ் பக்கம்தான் நிற்பேன். கடன் வாங்கிப் படித்துவிட்டு முடிக்காமல் விடுவதைப்போல ஒரு மோசமான பேரம் இல்லை, கடன் முழுசாக இருக்கும், எண் மட்டும் மாறாது.

அடையாளம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை நானே செய்து பார்த்தேன். நிர்வாகப் பிரிவில் ஆள் குறைவு என்று விண்ணப்பங்களைப் பிரிக்க என்னையும் உட்காரவைத்தார்கள். ஒரு இடத்துக்கு நானூறு சொச்சம் விண்ணப்பம், மறுநாள் மதியத்துக்குள் இருபதாக்க வேண்டும். ஒவ்வொன்றையும் படித்து, இவருக்கு உண்மையில் என்ன தெரியும் என்று யோசிக்க யாருக்கு நேரம்? பட்டம் இல்லாததை எல்லாம் முதல் அரை மணி நேரத்தில் ஒரு பக்கமாகத் தள்ளினேன். நான் அப்போது வெறும் பள்ளிப் படிப்போடு இருந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பல நிறுவனங்கள் பட்டம் தேவையில்லை என்று விளம்பரத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டன, நல்ல விஷயம்தான். ஆனால் ஹார்வர்டு வணிகப் பள்ளியும், வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிட்யூட்டும் 2024இல் ஆராய்ந்து பார்த்ததில், அந்த மாற்றத்தால் உண்மையில் பயன்பெற்றது வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை. வரியை எடுத்துவிடலாம், மறுநாள் மதியத்துக்குள் இருபது என்று உட்கார்ந்திருப்பவனை எப்படி எடுப்பது?

அடையாளம் எல்லாரிடமும் இருந்தால் அது அடையாளமே இல்லை என்பது இன்னொரு சிக்கல். உலகத் தொழிலாளர் அமைப்பு மனித மேம்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய அறிக்கையில், 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம் என்று இருக்கிறது. படிக்காதவருக்கு வேலை கொட்டிக்கிடக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவரால் சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். பட்டதாரி தன் எண்ணுக்கு ஏற்ற நாற்காலிக்காகக் காத்திருக்கிறார், அந்த நாற்காலிகள் பட்டங்களின் வேகத்தில் பெருகவில்லை.

எந்தப் பட்டம் என்பதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். டாக்டர், வக்கீல் போன்றவற்றில் பட்டம் இல்லாமல் வாசலிலேயே நிற்க முடியாது, அங்கே பேச்சே இல்லை. மற்றவற்றில் நான் கவனித்தது, படித்த பாடத்தைவிடப் போய் உட்கார்ந்த பிரிவுதான் பேசியது. ஒரே காலேஜில் ஒரே வருடம் முடித்த இரண்டு பேரில் ஒருவர் விற்பனைக்குப் போனார், இன்னொருவர் ஆவணப் பிரிவுக்கு வந்தார். பணம் உள்ளே வருகிற பாதையில் நின்றவருக்குச் சம்பளம் தானாகக் கூடியது. காகிதம் போய்ச் சேருகிற இடத்தில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அவருக்குக் கேட்கிற சுபாவமும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 34வது வயதில் நானும் கூரையில் முட்டினேன். மேலே ஒரு இடம் காலியானது, அந்த வேலையை ஏற்கெனவே பொறுப்பில் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், ஆனால் அந்த எண்ணுக்குப் பட்டம் வேண்டும். மேலாளர் நல்ல மனிதர், எடுத்த எடுப்பிலேயே "தபால்ல ஒரு பி.காம் முடிச்சிடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். மூன்று வருடம் இரவில் உட்கார்ந்து படித்தேன். பாதிப் பாடம் நான் பகலில் செய்துகொண்டிருந்த வேலை. இயந்திரங்களின் தேய்மானத்தைக் கணக்கிடுக என்று ஒரு பெரிய கேள்வி வந்தது, வருடா வருடம் எங்கள் இயந்திரங்களுக்கு நான் போடுகிற அதே கணக்கு, என்ன, பரீட்சையில் சுத்தமான எண்களாகக் கொடுத்திருந்தார்கள்.

சான்றிதழைக் கொடுத்த மாதம் பட்டியலில் என் பெயருக்கு நேரே கிரேடு எண்ணை நானேதான் மாற்றினேன். அதே நாற்காலி, அதே மேசை, அதே வேலை. கைக்கு வருவது கட்டத்தில் தொகை ஏறியதைப் பார்த்து, ஏதோ தப்பு செய்கிறவனைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தேன். மேலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இந்த மூணு வருஷத்துல புதுசா என்னதான் படிச்சீங்க?" என்றார்.

"தேய்மானம் சார்" என்றேன்.