முள் அசையாத நாள்

ஜூன் 3

இன்று பறக்கவில்லை, ஓடுபாதையிலேயே கதை முடிந்தது. இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கக் கொடுத்தாயிற்று, தரை பின்னால் பாய்கிறது, வேகமானியின் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்குப் பறக்கச் சொல்லித்தரும் சார்தான் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, "முள்ளைப் பாத்தியா?" என்றார்.

இறங்கிப் பார்த்தால், இறக்கைக்கு அடியில் இருந்து வேகமானிக்குக் காற்றைப் பிடித்துத் தரும் பிட்டோ குழாயின் வாய்க்குள் மண். குளவி வேலை. காலையில் விமானத்தைச் சுற்றிவந்து சோதித்தவன் நானேதான். குழாய் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வாயால் ஊதிவிடலாமா என்று கேட்டதற்கு மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஊதினால் கருவியே கெட்டுவிடுமாம்.

ஜூன் 4

குழாய் விஷயம் எளிமையானதுதான். எதிரே வரும் காற்று பிட்டோ குழாய்க்குள் மோதி ஓர் அழுத்தம் தருகிறது, விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தைத் தருகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முள் வேகமாகக் காட்டுகிறது. 1732இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்று நீரின் வேகத்தை அளக்கச் செய்த குழாய் இது.

குழாயின் வாய் அடைந்து, அதில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டை மட்டும் திறந்திருந்தால் முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். சரி, ஏதோ கோளாறு என்று உடனே தெரியும். வானத்தில் வாயும் ஓட்டையும் சேர்ந்து அடைந்தால்தான் வில்லங்கம். குழாய்க்குள் பழைய அழுத்தம் சிக்கிக்கொள்ளும், மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறையும், வித்தியாசம் கூடும், முள்ளும் ஏறிக்கொண்டே போகும். வேகமானி உயரமானி வேலை பார்க்கிறது! வேகம் கூடுகிறதே என்று விமானி மூக்கைத் தூக்குவார், உண்மையான வேகம் இன்னும் விழும். "செத்த கருவிய நம்ப மாட்டே. அரை உயிர்ல இருக்கறத நம்பிடுவே," என்றார் சார்.

ஜூன் 6

இரவு முழுக்க விபத்து அறிக்கைகள். 1974 டிசம்பரில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் ஒரு போயிங் 727இல் பிட்டோ சூடேற்றியைப் போடாமலே கிளம்பிவிட்டார்கள், குழாயில் பனி உறைந்தது, முந்தாநாள் எழுதியது அப்படியே நடந்து மூன்று பேர் போனார்கள். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் கிளம்பிய பெர்கனேர் நிறுவனத்தின் போயிங் 757இல் 189 பேர். அங்கேயும் குளவிமேல்தான் சந்தேகம். துணை விமானியின் வேகமானி சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு விமானம். கழுவும்போது பக்கவாட்டுத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். இருட்டு, கீழே கடல், உயரமும் வேகமும் தாறுமாறு. தரைக் கட்டுப்பாட்டிடம் உயரம் கேட்கிறார்கள், அவர்களும் திரையைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் திரையில் வரும் உயரம் இதே விமானம் அனுப்பும் எண்தான், தங்கள் பொய்யே சாட்சியாகத் திரும்பி வருகிறது. ரேடியோ அலையால் தரையை அளக்கும் கருவிக்கும் டேப்புக்கும் சம்பந்தமில்லை, 'ரொம்பத் தாழ்வு' என்று வந்த எச்சரிக்கை உண்மை, ஆனால் பொய் எச்சரிக்கைகளும் சேர்ந்து கத்தும்போது எதை நம்புவது? 70 பேர்.

ஜூன் 7

மழை. தூங்கினேன்.

ஜூன் 9

கண்மறைப்புப் போட்டுப் பறந்தேன். நேராகப் போகிறேன் என்று உடம்பு சத்தியம் செய்கிறது, கழற்றிப் பார்த்தால் வலப்பக்கம் 30 டிகிரி சாய்வு. திருப்பம் சீராக நீடித்தால் காதுக்குள் இருக்கும் திரவம் அடங்கிவிடும், அப்புறம் அதற்குத் திருப்பமே தெரியாது.

அதற்குத்தான் கைரோ, சாய்வைக் காட்டும் கருவிக்குள் சுழலும் சக்கரம். எங்கள் விமானத்தில் அதைச் சுழற்றுவது இன்ஜினோடு ஓடும் வெற்றிட பம்ப். பம்ப் போனால் கைரோ சட்டென்று நிற்காது, பம்பரம்போல வேகம் குறைந்து மெல்லச் சாயும், நாமும் அதோடு சேர்ந்து சாய்வோம். 1978 புத்தாண்டு இரவில் பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 747இல் கேப்டனின் தொடுவானக் கருவி வலப்பக்கச் சாய்வைக் காட்டியபடியே நின்றது, அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார், கடலில் விழுந்து 213 பேர். பக்கத்தில் இன்னும் இரண்டு கருவிகள் இருந்தன.

ஜூன் 12

சார் வேகமானியை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, "இப்ப இறக்கு" என்றார். மூக்கு எந்தக் கோணம், இன்ஜின் எத்தனை சுற்று, இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு இறக்கினேன். கொஞ்சம் துள்ளியது, ஆனால் இறங்கிவிட்டது.

நிறுத்தியதும் குழாய்க்குச் சிவப்பு நாடா தொங்கும் உறையைப் போட்டேன். 2018இல் பிரிஸ்பேனில் குளவிக்குப் பயந்து போட்ட உறைகளோடேயே ஒரு பெரிய ஏர்பஸ் கிளம்பிப்போய், வேகம் தெரியாமல் திரும்பி வந்து இறங்கியது. அதனால் விமானச் சாவியை அந்த நாடாவிலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறேன். சார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.